கஸ்டமர் முன்னால் 20 நிமிடம் பேச வேண்டும், பயம் போக என்ன வழி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கோவை அரசூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கிற ஆலையில், குவாலிட்டியில் இருக்கிறீர்கள், சேர்ந்து நான்கு வருடம். பம்ப் பாடியில் (பம்பின் வெளிக்கூட்டில்) ப்ளோ ஹோல், அதாவது வார்க்கும்போது காற்று நின்று விழும் ஓட்டை, வந்த புகாருக்கு அடுத்த மாதம் கஸ்டமர் ஆபீசில் 20 நிமிடம் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும், எதிரே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். போன தடவை கை நடுங்கி ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டீர்கள், இங்கிலீஷும் தடுமாறுகிறது. "பயம் போக என்ன வழி?" என்பது உங்கள் கேள்வி. எனக்கு அதில் இரண்டு கேள்வி தெரிகிறது. ஒன்று பயம். இன்னொன்று நீங்கள் கேட்காமல் விட்டது, அந்தப் பன்னிரண்டு பேரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது. இரண்டாவதைச் சரி செய்தால் முதலாவதில் பாதி தானாகக் குறைந்துவிடும். மீதிப் பாதி போகாது, அதை வைத்துக்கொண்டே பேசலாம். எனக்கு இன்னும் போகவில்லை, போன வாரம்கூட அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் பேச எழுந்தபோது உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது.

ஃபவுண்டரி, மெஷின் ஷாப் இரண்டிலும் சேர்த்து 23 வருடம் இருந்தவன் நான். கடைசி பத்து வருடமாகச் சூப்பர்வைசர்களுக்கும் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களுக்கும் நாலு பேர் முன்னால் பேசப் பழக்கிக் கொடுக்கிறேன். டாக்டர் இல்லை, மனநலம் படித்தவனும் இல்லை. அதனால் கீழே சிலது ஆராய்ச்சியில் வந்தது, சிலது என் அனுபவத்தில் மட்டும் கண்டது, எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பேச எழும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும், வாய் காயும். இது பலவீனம் இல்லை, தோட்டத்தில் பாம்பைப் பார்த்தால் உடம்பு செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படபடப்பு உச்சத்தில் இருப்பது பேசுவதற்குச் சற்று முன்னும் முதல் ஓரிரு நிமிடமும்தான், அப்புறம் இறங்கிவிடும். இந்த ஒன்று தெரிந்தாலே தயாரிப்பு மாறும், ஏனென்றால் 20 நிமிடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் இரண்டு நிமிடம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் இருப்பது நீங்கள் தினமும் பார்க்கிற வேலை, அது வந்துவிடும்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் நடுக்கம் எதிரே இருப்பவருக்கு நீங்கள் நினைக்கிற அளவு தெரியாது. 2003இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். பேசுபவர் தன்னை மதிப்பிட்டதைவிடக் கேட்டவர்கள் அவரைக் குறைவான பதற்றமாகவே மதிப்பிட்டார்கள். அதைவிட முக்கியமானது, இப்படி ஒரு மனப்பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதைத்தான் நானும் இப்போது உங்களிடம் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் ரிமோட்டைக் கீழே போட்டது அந்த அறையில் எத்தனை பேருக்கு இன்று ஞாபகம் இருக்கும்? உங்களுக்கு மட்டும்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

சந்தேகமானதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யூடியூபில் தேடினால் இவைதான் முதலில் வரும். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடல்மொழிக்கும் 55 என்று பயிற்சி வகுப்புகளில் போர்டில் எழுதுவார்கள். நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அது 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து வந்தது, ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்வைப் பற்றியது மட்டும். மற்ற பேச்சுக்கு அது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் ரிஜெக்ஷன் கணக்கு தப்பாக இருந்தால் எந்த உடல்மொழியும் காப்பாற்றாது. அதேபோல் மேடைக்கு முன் இரண்டு நிமிடம் கையை அகட்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றால் ஹார்மோனே மாறும் என்பது. 2010இல் 42 பேரை வைத்துச் சொன்னார்கள், 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாறவில்லை, முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல் இதை நம்பவில்லை என்று எழுதிவிட்டார். நிமிர்ந்து நிற்பது நல்லதுதான், குரல் வெளியே வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதைவிட "இது ஒரு உற்சாகம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது உதவுகிறது என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. செலவில்லாத விஷயம், செய்து பார்க்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள், அந்தச் சிரிப்பே இறுக்கத்தைக் குறைக்கிறதோ என்னவோ.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்வி. உங்களிடம் இப்போது ஒரு 8டி ரிப்போர்ட் (புகாரை எட்டுப் படியில் தீர்ப்பதை எழுதும் அறிக்கை) இருக்கும், அதை அப்படியே பவர்பாயிண்டில் போட்டு டீம் யார், பிரச்சினை என்ன, தற்காலிக நடவடிக்கை என்ன, "ஏன், ஏன்" என்று கேட்டுக் காரணம் தேடும் ஒய்-ஒய் அனாலிசிஸ் என்று வரிசையாகப் போகத் திட்டமிட்டிருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ரிப்போர்ட்டுக்கு அந்த வரிசை சரி, பேச்சுக்குச் சரியில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற பர்ச்சேஸ்காரருக்கு ஒரே கேள்விதான்: திரும்ப வருமா வராதா? அவருடைய குவாலிட்டி ஆளுக்கு இரண்டாவது கேள்வி: நீ சொல்வதை நான் எப்படி நம்புவது? இந்த இரண்டுக்கும் முதல் நிமிடத்தில் பதில் வந்துவிட வேண்டும். உதாரணத்துக்கு, "மார்ச் லாட்டில் 400 பாடியில் 26இல் மெஷினிங்குக்குப் பிறகு ஓட்டை தெரிந்தது. காரணம் அச்சு மணலில் ஈரம் கூடியது. ஏப்ரல் 10இலிருந்து கலவையை மாற்றிவிட்டோம். அதற்கப்புறம் அனுப்பிய 1,100இல் 9தான். அந்த 9ஐயும் ஒழிக்க என்ன செய்கிறோம் என்று காட்டுகிறேன், உங்களிடமிருந்து ஒரே ஒரு உதவி வேண்டும்." ஐந்து வாக்கியம், அரை நிமிடம். இதற்குப் பிறகு கரண்டே போனாலும் நீங்கள் போன வேலை முடிந்த மாதிரிதான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு. இருபது வருடம் இருக்கும், ஒரு பெரிய கஸ்டமர் ஆபீசுக்கு 64 சிலைடோடு போனேன். மூன்று ராத்திரி கண் விழித்துச் செய்தது, எழுத்தெல்லாம் பறந்து வந்து உட்காரும். இரண்டாவது சிலைடு ஓடும்போதே அவர்கள் பர்ச்சேஸ் தலைவர் கேட்டார், "எத்தனை நாளில் சரியாகும்?" நான் ரொம்பப் பணிவாக, "வர்றேன் சார், 41ஆவது சிலைடில் இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாட்ச்சைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மீதி 62 சிலைடை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் அந்த வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதையாவது ஆர்டரோடு போனது. 2003இல் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஆபத்தா இல்லையா என்று பொறியாளர்கள் நாசாவுக்குச் சிலைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு சிலைடின் தலைப்பைப் படித்தால் சோதனைக் கணக்குகள் பாதுகாப்பான பக்கம்தான் இருக்கின்றன என்று தோன்றும். ஆனால் அதே சிலைடின் அடியில், சின்ன எழுத்தில், உள்ளே தள்ளிப் போட்ட கடைசி வரியில் இருந்தது உண்மையான செய்தி: சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம், அடித்த துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் போய்விட்டார்கள். அந்தச் சிலைடால்தான் விபத்து நடந்தது என்று சொல்வது சரியல்ல, காரணங்கள் பல. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தச் சிலைடைத் தனியாக எடுத்து வைத்துக் குறை சொன்னது. அதைப் படித்ததிலிருந்து சிலைடு போட்டதும் நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான், தலைப்பில் இருக்க வேண்டியது கீழே ஒளிந்திருக்கிறதா என்று. உங்கள் சிலைடுகளின் தலைப்பு "ரூட் காஸ் அனாலிசிஸ்" என்று இருந்தால் அழித்துவிட்டு "மணலில் ஈரம் கூடியதால் ஓட்டை வந்தது" என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை புரிய வேண்டும். 20 நிமிடம் கொடுத்தால் 13 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், எட்டு ஒன்பது சிலைடு போதும். இந்த எண்ணிக்கை என் பழக்கம்தான், சட்டம் இல்லை. ஆனால் சிலைடில் இருப்பதை அப்படியே வாசிப்பது கேட்பவருக்குத் தடை என்பது ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வந்தது: கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது ஒரு வேகத்தில் கேட்கும், இரண்டும் ஒரே வார்த்தையாக இருந்தால் ஒன்றையொன்று இடிக்கும்.

பயத்துக்கு என்னிடம் இருக்கும் மருந்துகளில் சிறந்ததை ஒரு மோல்டிங் சூப்பர்வைசரிடமிருந்து கற்றேன், இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சு செய்கிற இடம் அவருடையது. பெருந்துறைப் பக்கத்துக்காரர், பத்தாவது படித்தவர், ஷாப்பில் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆனால் மீட்டிங் ரூமில் எழுந்து நின்றால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டுவார், முன்னால் கட்டுவார், கடைசியில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயிலிருந்து "அதுங்க சார்... வந்துங்க சார்..." தவிர ஒன்றும் வராது. ஒரு நாள் வெறுத்துப்போய், "அண்ணா, போய் மிக்ஸரிலிருந்து ஒரு கவர் மணல் கொண்டு வாங்க" என்றேன். மேஜையில் பழைய பேப்பரை விரித்தார். மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கினார், விரலைத் திறந்தார், கட்டியில் விரல் தடம் நாலும் பதிந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நடுவில் உடைத்தார், பிஸ்கட் மாதிரி உடைந்தது. "இது சரியான ஈரமுங்க. பாருங்க, கையில ஒட்டலை." அப்புறம் அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார், உள்ளங்கையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், கருப்பாக அப்பியிருந்தது. "இதுல இரும்பை ஊத்துனா தண்ணி ஆவியாகும், வெளிய போக வழியில்லைன்னா உள்ளயே நின்னுக்கும். அதுதானுங்க உங்க ஓட்டை." குரலில் நடுக்கமே இல்லை, கை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இல்லை, கைக்கு வேலை இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அதையே கஸ்டமர் முன்னால் செய்தார், இரண்டாக அறுத்த பாடி ஒன்றும் கொண்டு போனார். அவர்கள் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு பேர் எதிரே வரிசையாக உட்கார்ந்து முறைப்பதற்கும் பக்கத்தில் நின்று ஒரே பொருளைப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே நல்ல பாடி ஒன்று, ஓட்டை விழுந்தது ஒன்று, இரண்டையும் அறுத்து எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிற என் அக்கா மகள் பையர் முன்னால் இதைத்தான் செய்கிறாள், சுருக்கம் வந்த துணியையும் வராத துணியையும் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறாள்.

இங்கிலீஷ் விஷயம். முதலில் அவர்களைக் கேளுங்கள், வருகிறவர்கள் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள் என்றால் தமிழிலேயே பேசலாமா என்று. முக்கால்வாசி இடத்தில் ஒத்துக்கொள்வார்கள், நாமாகத்தான் கேட்பதில்லை. புனேயிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஆள் வந்தால் இங்கிலீஷ்தான், அப்போது சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். கோர், மோல்டு, ரிஜெக்ஷன், ஹைட்ரோ டெஸ்ட் என்று உங்களுக்கு வேண்டிய பெயர்ச்சொல் எல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷில்தான் இருக்கிறது. தடுமாறுவது வினைச்சொல்லில்தான், அதனால் குறைத்தோம், மாற்றினோம், அளந்தோம், நிறுத்தினோம் என்று உங்களுக்கு வேண்டிய ஒரு பதினைந்து வினையை மட்டும் எழுதிப் பழகுங்கள். தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரி வரும், எண்ணைச் சொல்லிவிட்டு "ஒன் த்ரீ" என்று பிரித்தும் சொல்லுங்கள், ஒரு எண் தப்பாகக் காதில் விழுந்து பெரிய சண்டையானதைப் பார்த்திருக்கிறேன். உச்சரிப்பை மாற்ற முயற்சி செய்யாதீர்கள், மெதுவாகப் பேசினால் போதும். ஒரே ஒரு கொங்கு நோய் நமக்கு உண்டு. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ங்க" போட்டுப் பழகிய நாக்கு, இங்கிலீஷில் அது கிடைக்காமல் "சார்" போட ஆரம்பித்துவிடும். திஸ் இஸ் த டேட்டா சார், வீ செக்ட் சார், ஓகே சார். எண்ணிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் நாற்பது வரும். அந்த இடத்தில் வாயை மூடி ஒரு விநாடி நிற்பதுதான் மாற்று. உங்களுக்கு அந்த ஒரு விநாடி ஒரு மணி நேரமாகத் தெரியும், கேட்பவருக்கு அது மூச்சு விடுகிற இடம்.

பழகுவதற்குக் கண்ணாடி வேண்டாம், கண்ணாடி முன் நின்றால் மூக்கைத்தான் பார்ப்போம். போனில் பதிவு செய்யுங்கள், முதல் தடவை கேட்கும்போது வாந்தி வரும், பரவாயில்லை, இரண்டாவது தடவை காதில் விழும் தப்புகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறையாவது நின்றுகொண்டு, சத்தமாக, முழுதாகச் செய்ய வேண்டும், அதில் ஒன்று உங்கள் ஃபெட்லிங் ஆட்கள் (வார்த்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்பவர்கள்) நாலு பேர் முன்னால். அவர்கள் கேட்கிற கேள்வி கஸ்டமர் கேட்பதைவிடக் கடினமாக இருக்கும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை நான் ஒத்திகையாகவே கணக்கில் வைப்பதில்லை. இந்த வேலை முடிந்த பிறகும் தொடர்ந்து பழக வேண்டும் என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் கோவையிலும் உண்டு. 1924இல் அமெரிக்காவில் ஆரம்பித்த அமைப்பு, அங்கே நீங்கள் எத்தனை "ஆ", "ம்" போட்டீர்கள் என்று எண்ணிச் சொல்ல ஒரு ஆளே இருப்பார்.

அன்றைக்குச் செய்ய வேண்டியதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி முன்னால் போய் வயரை மாட்டிப் பாருங்கள், பென் டிரைவில் பிடிஎஃப் ஒன்றும், நாலு பேப்பர் பிரிண்டும் கையில் இருக்கட்டும். காலையில் பசியோடு போகாதீர்கள், காபி ஒன்றோடு நிறுத்துங்கள். உங்கள் முறை வருவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்து ஐந்தாறு தடவை விடுங்கள், மூச்சை விடும்போது இதயத் துடிப்பு குறையும் என்பது உடலியல், நம்பிக்கை இல்லை. பவர்பாயிண்டில் பி பட்டனைத் தட்டினால் திரை கருப்பாகும், பாடியைக் காட்டும்போது அதைத் தட்டுங்கள், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். சிலைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் அந்தச் சிலைடுக்கே போகும், எனக்கு இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் 41க்கு ஒரே தாவாகத் தாவியிருப்பேன். ரிமோட் நடுங்கினால் மேஜை மேல் வைத்துவிட்டு லேப்டாப்பில் தட்டுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி நேரத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபவுண்டரி தெரிந்தவன் எதிரே ஒருவனாவது இருப்பான், ஒரு பொய் மாட்டினால் மற்ற எட்டு உண்மையும் போச்சு. "அந்த ரீடிங் இப்போது என்னிடம் இல்லை, நாளை மதியம் 3 மணிக்குள் மெயில் செய்கிறேன்" என்று சொல்லி 2 மணிக்கு அனுப்பிவிடுங்கள். நான் பார்த்தவரை கஸ்டமருக்கு நம் மேல் மதிப்பு வந்தது பிரசன்டேஷனில் இல்லை, அந்த மெயிலில்தான்.

ஒரு விஷயத்தில் என் எல்லை முடிந்துவிடுகிறது. பேச வேண்டுமே என்ற நினைப்பிலேயே நாலு நாள் தூக்கம் போகிறது, லீவு போட்டுத் தப்பிக்கிறீர்கள், பிரமோஷனையே வேண்டாம் என்கிறீர்கள் என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய பயம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதலில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டால் போச்சு என்று ஃபிரெண்டு யாராவது கொடுத்தால் வாங்கிப் போடாதீர்கள். மேடைக் கலைஞர்கள் சிலர் எடுத்துக்கொள்ளும் மாத்திரைதான் அது, ஆனால் ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

மணல் கொண்டு போவதாக இருந்தால் ஒரு கவர் போதாது தம்பி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவரில் போட்டு ரப்பர் பேண்ட் கட்டுங்கள். அந்தச் சூப்பர்வைசரைக் கூட்டிப்போன அன்றைக்கு நீலாம்பூர் தாண்டுவதற்குள் கவர் கிழிந்து கார் சீட்டெல்லாம் கருப்பு, அவருடைய வெள்ளைச் சட்டையில் பாதியும் கருப்பு. அதே சட்டையோடுதான் போய்ப் பேசினார்.